18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் மைத்துனரின் மளிகைக் கடைக்கு இருப்புக் கணக்குப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் வாரமே போன் வந்தது. "மச்சான், கடையில எத்தனை புளி பாக்கெட் இருக்குன்னு உங்க புரோகிராம் சொல்லுது தெரியுமா? உலகத்துல இவ்வளவு புளியமரம் இருக்கான்னே தெரியல." திரையைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தார். புளி, அரைக் கிலோ, இருப்பு: 18446744073709551615. தவறு என்னுடையதுதான், அது எப்படி நேர்ந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அன்று முதல் இந்த எண் என்னை விடவில்லை. பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், நானே எனக்குள் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இதை எப்படி வாசிப்பது?

நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. மொத்தம் இருபது இலக்கம். கோடிக்கு மேல் போகும்போது நமக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் வாசித்துவிடலாம்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, அதற்குமேல் நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, அதற்குமேல் தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

சரி, இது எங்கிருந்து வருகிறது?

2ஐ 64 முறை எழுதி எல்லாவற்றையும் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் இது. அதாவது 2⁶⁴ − 1. இன்னொரு வழியும் உண்டு: 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், 64 எண்களையும் கூட்டினாலும் இதே விடைதான்.

ஒரு வேடிக்கை: முழுக்க முழுக்க இரண்டுகளால் ஆன இந்த எண்ணில் 2 என்ற இலக்கம் மட்டும் இல்லை. மற்ற ஒன்பதும் இருக்கின்றன. இதற்குக் கணிதக் காரணம் எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனால் ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது.

கூட்டினால் ஏன் சரியாக ஒன்று குறைகிறது?

சதுரங்கப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் ஒரு அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. இப்போது பலகைக்கு வெளியே, முதல் கட்டத்தை ஒட்டி, கைமாற்றாக ஒரே ஒரு அரிசியை வையுங்கள். அதையும் முதல் கட்டத்து அரிசியையும் சேர்த்தால் 2. இரண்டாம் கட்டத்தில் இருப்பதும் 2, சேர்த்தால் 4. மூன்றாம் கட்டத்தில் 4, சேர்த்தால் 8. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் 64ஆம் கட்டம் முடியும்போது கையில் இருப்பது 2⁶⁴. கைமாற்று அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒன்று குறையும். பள்ளியில் பெருக்குத்தொடர் சூத்திரத்தை மனப்பாடம் செய்ததைவிட இந்த ஒரு அரிசி எனக்கு நன்றாகப் புரிந்தது.

அரிசிக் கதை உண்மையில் நடந்ததா?

கதை கதைதான். சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சிசா என்பவன் அரசனிடம் பரிசாகக் கேட்டான் என்று 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அங்கே தானியம் கோதுமை. நம் பக்கத்தில் அது அரிசி. கேரளத்து அம்பலப்புழையில் கண்ணனே சாது வேடத்தில் வந்து அரசனைச் சதுரங்கத்தில் வென்றான் என்றும், கொடுக்க முடியாத அந்த அரிசிக் கடனைத்தான் கோயிலில் பால்பாயசமாக இன்றும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். வட்டி இல்லாத கடன் போலிருக்கிறது.

கதை எப்படியோ, கணக்கு மிகப் பழையது. 1000ஆம் ஆண்டு வாக்கில் அல்பிரூனி என்ற அறிஞர் இந்த எண்ணைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். 64 முறை இரட்டிக்காமல் அவர் குறுக்கு வழியில் போனார்: 16ஐ வர்க்கம் செய், வந்ததை வர்க்கம் செய், மீண்டும், மீண்டும். நான்கே வர்க்கம். 16, 256, 65536, 4294967296, அப்புறம் 2⁶⁴. கடைசியில் ஒன்றைக் கழி.

அந்த அரிசி எவ்வளவு எடை இருக்கும்?

சமையலறைத் தராசில் பத்து கிராம் பொன்னி அரிசியை நிறுத்து, தட்டில் கொட்டி எண்ணினேன். ஐந்நூறு சொச்சம் வந்தது. கிராமுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வரிசை எட்டுக் கட்டங்களுக்கு 255 அரிசி. ஐந்து கிராம், உள்ளங்கையில் அடங்கும். இரண்டு வரிசை முடிந்தால் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்; ஒரு குடும்பம் இரண்டு நாள் சாப்பிடலாம். மூன்று வரிசைக்கு 335 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டையில் நாலரை. அரசன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருப்பான். பாதிப் பலகை, நான்கு வரிசை முடியும்போது 86 டன். சில லாரிகள். அரண்மனைக் களஞ்சியத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஐந்தாம் வரிசை முடிந்தால் 22 ஆயிரம் டன். ஆறாவதில் 56 லட்சம் டன். ஏழாவதில் 144 கோடி டன். இன்று உலகம் முழுக்க ஓராண்டில் கிடைக்கும் அரிசியே ஐம்பது கோடி டன்னுக்குச் சற்று அதிகம்தான். இன்னும் ஒரு வரிசை மிச்சம் இருக்கிறது. பலகை முழுவதற்கும் ஏறக்குறைய 36,900 கோடி டன். உலகம் இன்றைய அளவில் விளைவித்து, ஒரு பிடியும் உண்ணாமல் எழுநூறு ஆண்டு சேர்த்தால் கடன் தீரும்.

அரசன் ஏமாந்தது கணக்குத் தெரியாமல் அல்ல என்று நினைக்கிறேன். பாதிப் பலகை வரை பார்த்துவிட்டு மீதிப் பாதியும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினான்.

காசிக் கோயில் தட்டுகள் என்று ஒரு கதை கேட்டேனே?

காசியில் ஒரு கோயில், வைரக் கம்பிகள் மூன்று, ஒன்றில் 64 பொன் தட்டுகள், பெரியது கீழே சிறியது மேலே. ஒரு நேரத்தில் ஒரு தட்டைத்தான் நகர்த்தலாம், சிறியதன்மேல் பெரியதை வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் வேறு கம்பிக்கு மாற்றி முடிக்கும் நாளில் உலகம் அழியும். அப்படி ஒரு கோயில் காசியில் கிடையாது. பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1883இல் விற்பனைக்கு விட்ட விளையாட்டுப் பொருளைச் சுற்றி உருவான கதை அது. பெட்டியில் அவர் பெயரே இல்லை, "சியாம் நாட்டு என். குளோஸ்" என்று இருந்தது. ஆமியேன் ஊர் லூக்கா என்பதன் பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அந்தப் பெயர் வரும்.

குறைந்தபட்ச நகர்த்தல்கள் 2⁶⁴ − 1. நொடிக்கு ஒன்று என்று தூங்காமல் நகர்த்தினால் சுமார் 58,454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்கிறார்கள். அதைப்போல 42 மடங்கு. உலக அழிவைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

இது பகா எண்ணா?

இல்லை. கடைசி இலக்கம் 5, ஆக 5 வகுக்கும். இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆக 3 வகுக்கும். 87ஐ 9 வகுக்காது, ஆக 9 வகுக்காது.

இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால், அடுக்கே பகா எண்ணாக இருக்க வேண்டும். 64 அப்படி இல்லை. கொஞ்சம் கீழே இறங்கி 61ஐ எடுத்தால் சரியாக வருகிறது: 2⁶¹ − 1, அதாவது 2305843009213693951, பகா எண். இவான் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் கையால் கணக்கிட்டு இதை நிறுவினார். அதுவும் 1883தான், லூக்காவின் தட்டுகள் வந்த அதே ஆண்டு.

அப்படியானால் காரணிகள் என்னென்ன?

எனக்கு இந்த எண் பிடித்துப்போனதே இங்கேதான். இருபது இலக்க எண்ணைக் காரணிப்படுத்துவது சாதாரணமாகக் கையால் ஆகிற வேலை இல்லை. இதுவோ வெங்காயம் போல உரிந்து வருகிறது. வர்க்கத்தில் ஒன்று குறைந்தால், ஒன்று கூட்டியது பெருக்கல் ஒன்று கழித்தது என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அது மட்டும் போதும்.

2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1). வலப்பக்கம் இருப்பது மீண்டும் அதே அச்சு: (2¹⁶ + 1) × (2¹⁶ − 1). அதையும் உரி. ஆறு முறை உரித்தால் கடைசியில் 2 − 1, அதாவது 1 மிஞ்சும். உரித்த தோல்கள் இவை:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறும் ஃபெர்மா எண்கள்: 2¹, 2², 2⁴, 2⁸ என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் வருபவை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் பியேர் த ஃபெர்மா இவற்றைப் பார்த்து, இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார். முதல் ஐந்து உண்மையிலேயே பகா எண்கள்தான். ஆறாவது அவர் காலை வாரிவிட்டது. 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் 4294967297 = 641 × 6700417 என்று காட்டினார். ஆக முழு விடை:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒரு மாமேதையின் தப்புக்கணக்கும் இதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

641ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்?

கண்ணில் பட்ட எண்ணால் எல்லாம் வகுத்துப் பார்க்கவில்லை. 2³² + 1ஐ ஒரு பகா எண் வகுக்குமானால் அது 64இன் மடங்கைவிட ஒன்று அதிகமாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் கண்டது. அந்த அச்சில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிட்டது.

641 வகுக்கும் என்பதை உண்மையில் வகுக்காமலே காட்டலாம். 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 5 × 128 + 1 என்றும், 625 + 16 என்றும். 128 என்பது 2⁷, 625 என்பது 5⁴, 16 என்பது 2⁴. முதல் எழுத்துப்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1 போல நடந்துகொள்ளும் (641இன் மடங்கைவிட ஒன்று குறைவு என்று பொருள்). அதை நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸ என்பது 1 போல நடக்கும். இரண்டாம் எழுத்துப்படி 5⁴ என்பது −2⁴ போல. அதை உள்ளே போட்டால் −2³² என்பது 1 போல. இரண்டு பக்கமும் 2³²ஐக் கூட்டினால் 2³² + 1 என்பது 0 போல, அதாவது மீதியில்லாமல் வகுபடும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து ஒரு தடவை எழுதிப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மொத்தம் எத்தனை எண்கள் இதை வகுக்கும்?

ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். 2⁷, ஆக 128. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் எண்ணில் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான் வரும். கணித வழக்கில் இது குறை எண்.

வர்க்க எண்ணா, கன எண்ணா?

எந்தப் பகா எண்ணும் இரண்டு முறை வராததால் எந்த அடுக்காகவும் இருக்க முடியாது. இன்னொன்று: இதை 8ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணை மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது, நான்கு வேண்டும்.

வடிவியலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பாதி உண்டு. 1796இல் பதினெட்டு வயது ஜெர்மானியக் கணிதர் காவுஸ், 17 பக்கச் சீர் பல்கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம் என்று கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்களுள்ள பல்கோணம் அப்படி வரையப்பட வேண்டுமானால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து மட்டுமே. ஐந்தையும் பெருக்கினால் 4294967295. நம் எண்ணின் உள்பாதி, அதாவது 2³² − 1, அதுதான். தெரிந்தவரை, வரையத்தக்க ஒற்றைப்படைப் பல்கோணங்கள் 31. அவற்றில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கம்.

யார் வரையப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். யோகான் ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்கப் பல்கோணத்தின் வரைமுறையைப் பத்தாண்டு உழைத்து எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டது.

கணினியில் ஏன் அடிக்கடி கண்ணில் படுகிறது?

இன்றைய கணினிகள் எண்ணை 64 இருமத் துண்டுகளில் வைக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் 0 அல்லது 1. அறுபத்து நான்கும் 1 ஆக இருந்தால் இந்த எண். பழைய கார்களில் கிலோமீட்டர் காட்டும் பெட்டியில் 99999 வந்த மாதிரி; அடுத்த கிலோமீட்டரில் எல்லாம் 0க்குத் திரும்பிவிடும். −1 போன்ற எதிர்மறை எண்களையும் வைக்க வேண்டியிருந்தால் ஒரு துண்டு அதற்குப் போய்விடும், எல்லை பாதியாகக் குறைந்து 9223372036854775807 ஆகும்.

அப்போ அந்தப் புளி பாக்கெட்?

கடையில் இருப்பு 0 என்று பதிவாகியிருந்தது. உண்மையில் அலமாரிக்குப் பின்னால் ஒரு பாக்கெட் இருந்திருக்கிறது. ஒருவர் கேட்க, மைத்துனர் எடுத்து விற்று, பில்லும் போட்டுவிட்டார். 0இலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். நானோ இருப்பு ஒருபோதும் எதிர்மறை எண்ணாகாது என்று தைரியமாக, குறியில்லாத முழு எண் வகையில் வைத்திருந்தேன். அந்த வகைக்கு −1 என்றால் என்னவென்றே தெரியாது. கிலோமீட்டர் பெட்டி பின்னோக்கி ஒரு பல் சுற்றியது, எல்லாத் துண்டும் 1 ஆனது. சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு சொல்லைத் தேடி அது கிடைக்காவிட்டால் வரும் விடையும் பெரும்பாலான கணினிகளில் இதே எண்தான், காரணமும் இதேதான்: உள்ளே அது −1. ஆகவே எந்தத் திரையிலாவது இதைப் பார்த்தால், ஏதோ பிரம்மாண்டமாக நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். யாரோ ஒன்றைக் கூடுதலாகக் கழித்திருக்கிறார்கள்.

எக்செல்லில் அடித்தால் கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றனவே?

எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். மீதி ஐந்தும் பூஜ்ஜியமாகி 18446744073709500000 என்று நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் தன் பங்குக்கு 18446744073709552000 என்று காட்டும். பைத்தானில் அடித்தால் அப்படியே வரும். பெரிய எண்களோடு விளையாட நினைப்பவர்களுக்கு அதுதான் வசதி.

வேகமான கணினி 1, 2, 3 என்று எண்ணினால் எட்டிவிடுமா?

நொடிக்கு 300 கோடி எண்ணினாலும் 195 ஆண்டு ஆகும்.

இதற்கு அடுத்த எண்களில் ஏதாவது விசேஷம்?

ஒன்று கூட்டினால் 2⁶⁴, அதில் இரண்டைத் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டு கூட்டினால் 18446744073709551617. இது அடுத்த ஃபெர்மா எண். முதல் ஆறு ஃபெர்மா எண்களைப் பெருக்கி 2ஐக் கூட்டினால் ஏழாவது வரும் என்பதுதான் இதன் பொருள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் இது பொருந்தும். இதை வைத்து, எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்று 1730இல் கணிதர் கோல்ட்பாக் ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். பொதுக் காரணி இல்லாத எண்கள் முடிவில்லாமல் கிடைத்தால் பகா எண்களும் முடிவில்லாமல் இருந்தாக வேண்டும்.

அந்த ஏழாவது, நம் எண்ணுக்கு இரண்டே படி மேலே இருப்பது, வெங்காயம் போல உரியவில்லை. ஆய்லருக்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் அசையாமல் இருந்தது. 1880இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபார்ச்சூன் லாந்த்ரி, எண்பது வயதைக் கடந்த பிறகு, பல மாதம் உழைத்து அதைப் பிளந்தார்: 274177 × 67280421310721.